கைப்பொருளுக்கு ஏற்ற கணிப்பொறி



கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஒரு நாள் காலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். அங்கே வரிசையாகக் கட்டிக் கிடக்கும் சிறு படகுகள், கடையில் ஒரே விலை கொடுத்து முழுமையாக வாங்கி வந்தவை அல்ல. படகை ஓரிடத்தில் செய்விப்பார்கள். எஞ்சினை வேறோரிடத்தில் வாங்குவார்கள். பிடிக்கப் போகும் மீனுக்கு ஏற்ற வலையைத் தனியே தேர்ந்தெடுப்பார்கள். சிறு படகில் பெரிய எஞ்சினைப் பூட்டினால் எண்ணெய்ச் செலவு மிகும், படகும் தாங்காது. பெரிய படகில் சிறு எஞ்சினைப் பூட்டினால் போன இடத்திலிருந்து திரும்பி வருவது அரிது. இந்தப் பொருத்தத்தை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் பயிலவில்லை, தொழிலே கற்றுக்கொடுத்தது.

சிதம்பரத்தில் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைக் காண வந்தார். உடன் அவருடைய தந்தையாரும் வந்திருந்தார். அவர் மேலே சொன்ன படகுக்காரர்களில் ஒருவர். மகனுக்குக் கணிப்பொறி வாங்க அவரிடம் 45,000 ரூபாய் இருந்தது. நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? வருவாய் குறையும் அந்த நாட்களுக்கென்று சேர்த்து வைத்த பணத்திலிருந்து எடுத்த தொகை அது. மகன் ஒரு பட்டியலை நீட்டினார். தந்தையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இது எத்தனை வருஷம் உழைக்கும்?"

பட்டியலைப் படித்துப் பார்த்தபோது, அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதையும், பிறகு அந்தப் பட்டியலை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். கணிப்பொறியை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்ப்பது எப்படி இயல்கிறது? 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. விரைந்து முடிக்கும் பொருட்டு, அதன் உறுப்புகளில் பலவற்றைத் தானே செய்யாமல் வெளியில் வாங்கிச் சேர்த்தது. செயலி இன்டெல் நிறுவனத்தினுடையது. அதை இயக்கும் மென்பொருள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தினுடையது. பொறியின் உள்ளமைப்பையும் விவரமாக அச்சிட்டு வெளியிட்டது. எனவே பிறரும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்ய முடிந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. பலகையின் நீள அகலம், திருகாணித் துளையின் இடம், மின்கம்பியின் முனை ஆகியவற்றுக்கு ஒரு பொது ஒழுங்கு ஏற்பட்டது. ஒரு நாட்டில் செய்த பலகை மற்றொரு நாட்டில் செய்த பெட்டிக்குள் பொருந்துவது இதனால்தான்.

ஆனால் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த மாணவர் செய்த பிழை அதுவே.

அவருடைய பட்டியலின் தலையில் இருந்தது செயலி. கடைக்காரர்கள் ப்ராசஸர் என்பார்கள். இன்டெல் நிறுவனத்தின் பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி ஒன்றை எழுதியிருந்தார். நல்ல தேர்வுதான். ஆனால் அதன் எண்ணுக்குப் பின்னே 'எஃப்' என்னும் ஓர் எழுத்து இருந்தது. அதே செயலி, அந்த எழுத்து இல்லாமலும் கிடைக்கும்; விலை சற்றுக் கூடுதல். குறைந்த விலையைக் கண்டு மாணவர் மகிழ்ந்தார். அந்த எழுத்தின் பொருள் என்ன தெரியுமா? திரையில் படம் காட்டும் பகுதி அந்தச் செயலியில் இயங்காது என்பதே. அதற்கெனத் தனியாக கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியாக வேண்டும். "அதை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்வேன், ஐயா" என்றார் மாணவர். அதுவரை அவருடைய திரை இருண்டே கிடக்கும்! ஓர் எழுத்தைக் கவனியாததால் 45,000 ரூபாய்ப் பொருள் ஓராண்டு ஊமையாகக் கிடந்திருக்கும்.

இரண்டாவது, தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு. மற்ற உறுப்புகள் யாவும் வந்து அமரும் பலகை இது. அவர் எழுதியிருந்த பலகை டி.டி.ஆர்.4 வகை நினைவகத்துக்கு உரியது. அடுத்த வரியில் எழுதியிருந்த நினைவகமோ, அதாவது ராம், டி.டி.ஆர்.5 வகை. இவ்விரண்டிலும் வெட்டுப் பள்ளம் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையவே நுழையாது. அந்தத் தலைமுறை இன்டெல் செயலிகளுக்கு இருவகைப் பலகைகளும் விற்பனைக்கு வந்தமையால் இந்தக் குழப்பம் நேர்ந்தது.

மூன்றாவது, பெட்டி. முன்புறம் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறி ஒளிரும் நான்கு விசிறிகள். அழகாகத்தான் இருந்தது. நான்காவது, மின்வழங்கி, கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால் கொடுப்பார்கள். பெட்டியோடு இலவசமாக வருவதையே போதுமென்று விட்டிருந்தார். ஐந்தாவது, சுழலும் தட்டு வகை ஹார்டு டிஸ்க். யு.பி.எஸ். என்பது பட்டியலிலேயே இல்லை.

இந்தப் பட்டியலில் பணம் எங்கே போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதிலும், பெயர் சொல்லிப் பெருமை கொள்வதிலும் பணம் போயிருக்கிறது. மறைந்து நின்று உழைப்பவற்றில் சிக்கனம் பிடிக்கப்பட்டிருக்கிறது. நம்மில் பலரும் செய்யும் பிழைதான் இது. அதைத் தவிர்க்க நான் அந்த மாணவருக்கு ஒரு விதி சொன்னேன். பின்னால் எளிதாகச் சேர்க்கக் கூடியவற்றில் இன்று சிக்கனம் செய்யலாம். பின்னால் எளிதில் மாற்ற இயலாதவற்றில் சிக்கனம் செய்யலாகாது. நினைவகம், சேமிப்பகம், கிராபிக்ஸ் கார்டு மூன்றும் முதல் வகை. தாய்ப்பலகையும் மின்வழங்கியும் இரண்டாம் வகை.

இந்த விதிக்கு முன்னே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பொறியில் நான் என்ன வேலை செய்யப் போகிறேன்? கட்டுரை எழுதவும் கணக்கு வைக்கவும் இணையத்தில் படிக்கவும் விரும்பும் மாணவருக்கு மிக எளிய செயலியே போதும். நிரல் எழுதவும் பொறியியல் வரைபடம் தீட்டவும் வேண்டியவருக்கு ஆறு உள்ளகங்கள் கொண்ட இடைத்தரச் செயலி தாராளமாகப் போதும். சலனப்படம் தொகுப்போரும், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிகள் செய்வோரும் மட்டுமே தனி கிராபிக்ஸ் கார்டைப் பற்றி எண்ண வேண்டும். நம் மாணவர் இரண்டாம் வகை. ஆகவே அவருக்குத் தனிக் கார்டு இப்போது வேண்டியதில்லை. படம் காட்டும் பகுதி உள்ளேயே இயங்கும் செயலி வேண்டும். இன்டெல் செயலிகளில் 'எஃப்' எழுத்து இல்லாததைப் பார்க்கலாம். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் 'ஜி' என்ற எழுத்து அதையே குறிக்கும்.

செயலியைத் தேர்ந்தால் பலகையின் வகை தானே அமைந்துவிடும். செயலி அமரும் இருக்கைக்கு சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 இருக்கை 2016-இல் வந்தது. பல தலைமுறைச் செயலிகள் அதில் அமர்ந்தன. 2022-இல் வந்த ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இன்டெல் நிறுவனத்தின் 1700 இருக்கை 2021-இல் வந்தது. 2024-இல் 1851 என்ற புது இருக்கை வந்தது. பழைய இருக்கை மலிவு; புதிய இருக்கை வருங்காலத்துக்கு உதவும். கையில் பணம் குறைவாக உள்ளவர் பழைய இருக்கையில் நல்ல பலகை வாங்குவது தவறன்று. புதிய இருக்கையில் மட்டமான பலகை வாங்குவதே தவறு.

இனி நினைவகம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதன் விலை திடீரென்று ஏறியது. உலகெங்கும் செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெருங்கணிப்பு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியமையே முக்கியக் காரணம். எங்கோ ஒரு நாட்டில் எழும் கட்டடத்தால் கடலூர் மாணவர் ஒருவரின் கைச்செலவு கூடுகிறது. உலகம் அவ்வளவு சுருங்கிவிட்டது. இந்நிலையில் மாணவர் என்ன செய்யலாம்? மலிவான பலகைகளில் நினைவகத்துக்கு இரண்டே இடங்கள் இருக்கும். 8 ஜி.பி. வேண்டுமென்று 4 ஜி.பி. துண்டுகள் இரண்டை வாங்கினால் இரு இடமும் நிரம்பிவிடும். பின்னால் கூட்ட வேண்டுமானால் பழையதை எடுத்தெறிய நேரும். 8 ஜி.பி. துண்டு ஒன்றை வாங்கி, ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும்போது அதே வகைத் துண்டு மற்றொன்றைச் சேருங்கள். இரண்டும் இணைந்து வேலை செய்யும்போது, உள்ளேயே படம் காட்டும் செயலிகளுக்கு வேகம் நன்றாகக் கூடும்.

சேமிப்பகத்தைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. சுழலும் தட்டில் ஒரு செய்தியைத் தேடி எடுக்க, ஊசி அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்குள் ஏறத்தாழ நூறில் ஒரு நொடி கழிந்துவிடும். எஸ்.எஸ்.டி. என்னும் திண்மச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. 1,000 ஜி.பி. தட்டைக் காட்டிலும் 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாணவருக்கு மேலானது. இடம் போதாவிட்டால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். இழந்த பொழுதைச் சேர்க்க முடியாது.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் உறுப்புக்கு வருகிறேன். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேர் ஓடும்போது நம் கண்கள் தேரின் அலங்காரத்தில் இருக்கும். அச்சைப் பார்ப்பவர் யார்? ஆனால் தேரை இழுக்கும் முன்னர்த் தச்சர் பார்ப்பது அச்சைத்தான். கணிப்பொறிக்கு அச்சு, மின்வழங்கி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12 வோல்ட், 5 வோல்ட் எனச் சிறு அளவான நேர்மின்னோட்டமாக மாற்றிக் கொடுப்பது அது. மற்ற உறுப்பு பழுதானால் அதுவே பழுதாகும். மட்டமான மின்வழங்கி பழுதானால் பலகையையும் செயலியையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடும்.

அதன் தரத்தை அறியப் பள்ளியில் படித்த ஒரு சூத்திரமே போதும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும் அல்லவா? மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே 12 வோல்ட் என்ற கட்டத்தில் 20 ஆம்பியர் என்றிருந்தால், அந்த வழியில் கிடைப்பது 240 வாட்டே. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் பெறுவது பெரிதும் அந்த 12 வோல்ட் வழியில்தான். 12 வோல்ட் வழியில் 35 ஆம்பியருக்கு மேல் கொடுப்பதே உண்மையான 450 வாட். 80 பிளஸ் என்னும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் 80 விழுக்காடேனும் பயன்பட வேண்டும் என்பது அதன் கருத்து. எஞ்சியது வெப்பமாக வீணாகும். தனிக் கார்டு இல்லாத பொறிக்கு நேர்மையான 450 வாட் தாராளம். பின்னாளில் சிறு கார்டு ஒன்று சேர்த்தாலும் தாங்கும்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது நம் மாவட்டத்தின் இயல்பை மறக்கலாகாது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து எத்தனையோ கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. 2015-இன் வெள்ளத்தையும் நாம் கண்டோம். புயல் இல்லாத நாளிலும் மின்சாரம் சட்டென்று நின்று வருவதுண்டு. ஆகவே இங்கே யு.பி.எஸ். ஆடம்பரப் பொருளன்று. 600 வி.ஏ. அளவுள்ள சிறு யு.பி.எஸ். பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட ஒரு மின்கலம் இருக்கும். எளிய கணிப்பொறியை அது பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். எழுதியதைச் சேமித்துவிட்டு, முறையாகப் பொறியை நிறுத்த அந்த நேரம் போதும். சுவரில் மூன்று துளை உள்ள பிளக்கில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். பொறியைக் கடல் பார்த்த சன்னலோரம் வைக்காதீர்கள். மழை வெள்ளத்தை எண்ணித் தரையிலும் வைக்காதீர்கள். பெட்டிக்கு ஒளி வேண்டாம். முன்புறம் காற்றுப் புகும் வலையும், உள்ளிழுக்க ஒரு விசிறியும், வெளித்தள்ள ஒரு விசிறியும் இருந்தால் நம் கோடைக்குப் போதும்.

எங்கே வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் விலை குறைவு என்பார்கள். பல பொருளுக்கு அது மெய்தான். ஆனால் கடலூரிலிருந்து சென்னை 180 கிலோமீட்டருக்கு மேல். சிதம்பரத்திலிருந்து இன்னும் அதிகம். ஓர் உறுப்பு பழுதாகி இரண்டு முறை போய்வர நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் பேருந்துக் கட்டணத்தில் கரைந்துவிடும். இரண்டு நாள் வகுப்பும் போகும். ஆகவே செயலி போன்று அரிதாகவே பழுதாகும் பொருளைத் தொலைவில் வாங்கினாலும், பலகை, மின்வழங்கி, யு.பி.எஸ். ஆகியவற்றைக் கடலூர், சிதம்பரம், புதுச்சேரி போன்ற அருகூர்க் கடைகளில் வாங்குவது நல்லது. எங்கே வாங்கினாலும் வரிச்சீட்டு கேட்டு வாங்குங்கள். "சீட்டு வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வாங்கினால், பொருள் பழுதாகும்போது உங்கள் கையில் சான்று இராது.

பயன்படுத்திய பொருள் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல நிறுவனப் பொறிகள் சந்தைக்கு வருகின்றன. கையில் மிகக் குறைந்த தொகை உள்ளவருக்கு அவை உதவும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் செயலிகள், மிகச் சில நீங்கலாக, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய பொறியானால் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸ் விலையில்லாமல் கிடைப்பது. நம் சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்னும் பெயரில் ஒரு லினக்ஸை உருவாக்கியிருக்கிறது. உங்கள் துறையில் கட்டாயமாகப் பயன்படுத்தும் மென்பொருள் எதில் இயங்கும் என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய திரையையும் விசைப்பலகையையும் தயங்காமல் வாங்கலாம். பழைய மின்வழங்கியையும் பழைய தட்டையும் வாங்காதீர்கள். அவற்றின் எஞ்சிய ஆயுளைக் கண்ணால் கணிக்க இயலாது.

விடுதியில் தங்கி, வாரந்தோறும் ஊருக்குப் போய்வரும் மாணவருக்கு மடிக்கணினியே ஏற்றது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் முதல் கணிப்பொறியாக நுழைந்தன என்பதை நாம் அறிவோம். ஆனால் மேசைக் கணிப்பொறிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஓர் உறுப்பு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். அறிவும் தேவையும் வளர வளர அதுவும் உடன் வளரும். திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளவும் இடம் தரும்.

இனி அந்த மாணவரின் பட்டியலுக்குத் திரும்புவோம். ஒளிரும் பெட்டி போயிற்று. எளிய வலைப்பெட்டி வந்தது. 'எஃப்' செயலி போயிற்று. ஒரு படி கீழே, ஆனால் படம் காட்டும் பகுதி உள்ள செயலி வந்தது. பலகையும் நினைவகமும் ஒரே வகையாயின; ஓர் இடம் காலியாக விடப்பட்டது. தட்டு போய் எஸ்.எஸ்.டி. வந்தது. நல்ல மின்வழங்கியும் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்தன. திரை மட்டும் பழையது. கூட்டிப் பார்த்தபோது தொகை 45,000 ரூபாயைத் தாண்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைத் தம் வீட்டுக் கூடத்தில் தாமே கோத்தார். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், எர்த் இணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்கினார். செயலியின் மேல் பட்டாணி அளவு பசை வைத்து விசிறியைப் பொருத்தினார். முதல் முறை விசையை அழுத்தியபோது ஒன்றும் நிகழவில்லை. மாணவரின் முகம் வாடிற்று. தந்தையார் அருகில் வந்து, "எஞ்சினும் முதல் இழுப்பில் கிளம்பாது, எல்லாக் கம்பியையும் ஒரு தடவை பார்" என்றார். பார்த்தபோது, செயலிக்கு மின்சாரம் தரும் தனிக்கம்பி பலகையில் செருகப்படாமல் இருந்தது. செருகியவுடன் திரை ஒளிர்ந்தது.

எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்டாரே அந்தத் தந்தையார், அவருக்கு அன்று என்னால் விடை சொல்ல முடிந்தது. ஐந்தாறு ஆண்டு நல்லபடி உழைக்கும் என எதிர்பார்க்கலாம். இடையில் ஓர் உறுப்பு ஓய்ந்தால், அதை மட்டும் மாற்ற உங்கள் மகனுக்கே தெரியும் என்றேன். அவர் பெட்டியின் பின்புறம் கைவைத்து, விசிறி தள்ளும் காற்று எப்படி வருகிறது என்று பார்த்தார். படகுக்காரர் எஞ்சினைப் பார்க்கும் பார்வை அது. மாணவ நண்பர்களே, நீங்களும் அந்தப் பார்வையோடு கடைக்குப் போங்கள். வேலையை முதலில் எண்ணுங்கள். பொருத்தத்தை அடுத்துப் பாருங்கள். பெயரையும் பகட்டையும் கடைசியில் வையுங்கள். பெற்றோர் சேர்த்த பணத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.